சபுர் கிளம்புமுன் லைசென்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவராவது சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பார். கிளம்பும்போது பாஸ்போர்ட், விசா, மெடிக்கல் எல்லாவற்றையும் நாலு தடவை சரி பார்ப்போம். லைசென்ஸ் மட்டும் பர்ஸில் கிடந்தபடியே விமானம் ஏறும். அங்கே இறங்கி, அடையாள அட்டை வாங்கி, டிரைவிங் ஸ்கூல் வாசலில் போய் நிற்கும்போதுதான் அதிலுள்ள பிழை தெரிய வரும். அதைத் திருத்த ஊருக்கு வரவேண்டும், அதற்கு லீவு வேண்டும். அதனால் அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கும் வேலையில் பாதிக்கு மேல் இராமநாதபுரத்திலேயே முடிய வேண்டியது. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

முதலில் கார்டை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். நம்முடையது டிஎன் 65 என்று தொடங்கும். அடுத்த நாலு இலக்கம் வருடம். அது கிடக்கட்டும். பார்க்க வேண்டியவை பெயர், பிறந்த தேதி, முதன்முதலில் வழங்கிய தேதி, வண்டி வகை, முடியும் தேதி. இந்த ஐந்தில் அதிகம் தொல்லை கொடுப்பது பெயர்தான்.

நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். உதாரணத்துக்கு, லைசென்ஸில் ‘எஸ். முகம்மது ரியாஸ்’ என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் ‘முகமது ரியாஸ் சேகு அப்துல் காதர்’ என்று இருப்பார். ஊரில் இரண்டும் ஒரே ஆள்தான். அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டு பேர். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு: முகம்மதுக்கு ஒரு ‘எம்’மா இரண்டு ‘எம்’மா, முதல் எழுத்துக்கு அடுத்தது ‘ஓ’வா ‘யு’வா, கடைசி எழுத்துக்கு முன்னால் ‘ஏ’யா ‘இ’யா. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, ஆதாரில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று என்று இருப்பது இங்கே சாதாரணம். எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். வெளிநாட்டில் உங்கள் எல்லாக் காகிதமும் பாஸ்போர்ட்டிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்து, லைசென்ஸை அதற்கு ஒத்துவரும்படி மாற்றுங்கள். ஆதாரும் வேறாக இருந்தால் முதலில் ஆதார், பிறகு லைசென்ஸ். பிறந்த தேதி ஒரு நாள் தவறினாலும் இதே கதைதான், அதையும் விடாதீர்கள்.

மாற்றுவதற்கு லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளமான சாரதியில் லைசென்ஸ் சேவைகளுக்குள் பெயர் மாற்றம், பிறந்த தேதி மாற்றம் என்று தனித்தனியே இருக்கிறது. விவரம் மாற்ற அரசுக் கட்டணம் 200 ரூபாய், கார்டு அச்சிட மேலும் 200. புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அவருடைய கூலி. விண்ணப்பத்தை அச்செடுத்து, பாஸ்போர்ட், ஆதார் அசலோடும் நகலோடும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நீங்களே போக வேண்டியிருக்கும். புகைப்படமும் கையெழுத்தும் அங்கே புதிதாக எடுப்பார்கள்.

இங்கே இரண்டு இடத்தில் வேலை நின்றுபோகும். ஒன்று, போன் நம்பர். பத்து வருடம் முன்பு லைசென்ஸ் எடுத்தபோது கொடுத்த நம்பர் இப்போது யாரிடமோ இருக்கும், ஓடிபி அங்கே போகும். முதலில் நம்பரை மாற்றிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அந்த நம்பரை வெளிநாடு போன பிறகும் சாகவிடாமல் ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வைத்திருங்கள், இல்லையென்றால் வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில் அந்த சிம் இருக்கட்டும். நாளைக்குப் புதுப்பிக்கவும் அதே ஓடிபிதான் வரும். இரண்டாவது, தபால். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டு கையில் கிடைப்பதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகிறது. பழைய விலாசம் இருந்தாலோ வீடு பூட்டிக் கிடந்தாலோ கார்டு ஆபீஸுக்கே திரும்பிவிடும். வாப்பா வீட்டு விலாசத்தில் எடுத்த லைசென்ஸ், இப்போது குடியிருப்பது மாமனார் வீடு என்றால் விலாச மாற்றத்தையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அடுத்து, முதன்முதலில் வழங்கிய தேதி. ‘எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள்’ என்று கேட்கும் நாடுகள் இதைத்தான் பார்க்கும். தொலைந்துபோய் வாங்கிய மறு கார்டிலும், பழைய புத்தக லைசென்ஸிலிருந்து மாறிய கார்டிலும் இந்தத் தேதி தவறாகவோ வெறுமையாகவோ இருக்கக்கூடும். சாரதியில் உங்கள் நம்பரைப் போட்டால் பதிவே வரவில்லை என்றால் பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றவில்லை என்று பொருள். பழைய லைசென்ஸோடு ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும், இதற்கு நாள் பிடிக்கும். வெளிநாட்டுத் தூதரகமோ கம்பெனியோ இணையத்தில் சரிபார்க்கும்போது பதிவு இல்லாத லைசென்ஸ் போலி என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

காலாவதிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் வரைக்கும் அபராதத்தோடு புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர், இடையில் லைசென்ஸ் முடிகிறதா என்று பார்த்து, முடிகிறது என்றால் போகுமுன்பே புதுப்பிப்பதுதான் புத்தி. 40 வயது தாண்டியவருக்குப் படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்றும் வேண்டும்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டத் தரும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய இருக்கிறது. அது தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் இந்திய லைசென்ஸ் இன்னதென்று பிற நாட்டாருக்குச் சொல்லும் தாள், அசல் கார்டு பக்கத்தில் இருந்தால்தான் செல்லும். சாரதி வழியாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஆயுள் ஒரு வருடம். லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் அதுவும் அன்றைக்கே முடியும். பாஸ்போர்ட் கட்டாயம். வெளிநாட்டிலிருக்கும்போது பெர்மிட் காலாவதியானால் அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் புதுப்பிக்க 2021-இல் வழி செய்தார்கள். விசிட் விசாவில் துபாய் போகிறவருக்கு இந்த பெர்மிட் உதவும். ரெசிடென்ஸ் விசா அடித்த நாளிலிருந்து அங்கே அது செல்லாது. ‘பெர்மிட் இருக்கே’ என்று அதற்குப் பிறகும் வண்டி எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிய பணத்தை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கும். நண்பனின் வண்டிதானே என்று யாரும் இதில் விளையாட வேண்டாம்.

இனி அந்தந்த நாடு.

அமீரகத்தில் இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு அந்த நாட்டு லைசென்ஸ் வாங்க முடியாது; நேரடியாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும். அப்படியானால் நம் லைசென்ஸ் எதற்கு என்றால், வகுப்பு நேரம் குறையும். துபாயில் லைசென்ஸே இல்லாதவருக்கும் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வைத்திருந்தவருக்கும் 20 மணி நேரப் பயிற்சி, ஊரில் ஐந்து வருடத்துக்கு மேல் லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு 10, இரண்டு முதல் ஐந்து வருடம் வரை வைத்திருந்தவருக்கு 15. பெயர் ஒத்துவராமலோ முதல் தேதி தெரியாமலோ லைசென்ஸைத் தள்ளிவிட்டால் இந்தச் சலுகை போச்சு. பத்து மணி நேரத்துக்கான பணம் உங்கள் கையிலிருந்து போகும். டிரைவிங் ஸ்கூலில் எமிரேட்ஸ் ஐடி, கண் பரிசோதனை, லைசென்ஸ் கொடுத்து ஃபைல் திறப்பார்கள். பிறகு வகுப்பு, எழுத்துத் தேர்வு (தமிழிலும் எழுதலாம்), பார்க்கிங் தேர்வு, கடைசியில் ரோடு டெஸ்ட். 2023 ஏப்ரலில் துபாய் ஒரு வழி திறந்தது: சொந்த நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் வகுப்புக்குப் போகாமலே நேராகத் தேர்வுக்கு நிற்கலாம். ஒரே ஒரு வாய்ப்பு. தோற்றால் எல்லோரையும்போல வகுப்பில் சேர வேண்டும். அந்த ஊர்ச் சாலையில் ஒருநாள்கூட ஓட்டிப் பழகாதவர் இதில் பணம் கட்டக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்று லைசென்ஸில் குறித்துவிடுவார்கள். டெலிவரி வேன், பிக்அப் ஓட்டும் வேலைக்குப் போகிறவர் இதை முன்பே யோசித்து மேனுவலில் சேர வேண்டும்.

சவூதிக்கு லைசென்ஸின் அரபு மொழிபெயர்ப்பு, அங்கீகாரம் பெற்ற அலுவலகத்தில் எடுத்தது, வேண்டும். அந்நாட்டு அரசின் இணையச் சேவையான அப்ஷிரில் நேரம் பதிந்து டிரைவிங் ஸ்கூலில் ஓட்டிக் காட்டினால், அதைப் பார்த்து எத்தனை மணி நேர வகுப்பு என்று முடிவு செய்வார்கள். முதல் நாள் ஓட்டுவதை ஒழுங்காக ஓட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிங்கப்பூர் இதற்கு மாறானது. அங்கே மாற்றம் உண்டு. நீண்டகால அனுமதியில் போனவர் 12 மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையே வண்டி ஓட்டுவதாக இருக்கும் ஒர்க் பெர்மிட்காரருக்கு ஆறு மாதம்தான். அடிப்படை எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக வரவேண்டும், தமிழிலேயே எழுதலாம். இரண்டு இடத்தில் நம்மவர் இடறுகிறார்கள். மாற்றிக் கிடைப்பது 3சி வகுப்பு, அது காருக்கு மட்டும். சிறிய லாரி ஓட்ட 3-ஆம் வகுப்பு வேண்டும், அதற்குத் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். இன்னொன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு மாத லீவில் ஊருக்கு வந்து லைசென்ஸ் எடுத்துப் போனால் அது ஏற்கப்படாது. லைசென்ஸ் வாங்கிய நாட்டில் குறைந்தது ஆறு மாதம் இருந்ததாகக் காட்டச் சொல்வார்கள், பாஸ்போர்ட் முத்திரையில் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டன் போகிறவர் நம் லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம், மாற்றிக்கொள்ள முடியாது. 34 பவுண்டு கட்டி புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸ் வாங்கி, எழுத்துத் தேர்விலும் (50-க்கு 43) ரோடு டெஸ்டிலும் தேற வேண்டும். கனடா போகிறவர் இராமநாதபுரத்திலிருந்து ஒரு காகிதம் கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும்: சாரதியில் ‘லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட்’ என்று ஒரு சேவை இருக்கிறது. எந்த வகைக்கு எப்போது அனுமதி கிடைத்தது என்று அதில் வரிவரியாக இருக்கும். அங்குள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் பழைய அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க இதைப் போன்ற உறுதிச் சான்றுதான் உதவும்.

வளைகுடாவுக்குப் போகிறவருக்கு ஓட்டும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி ஓடுவது வலப்பக்கம். ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுவார்கள். உள்ளே நுழையுமுன் இடமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலது பார்த்துப் பழகிய கண் அங்கேயும் தானாக வலது பக்கமே திரும்பும். ‘நிறுத்து’ பலகையில் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே போவதும், லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காததும் தோல்விக்குப் பெரிய காரணங்கள். சக்கரம் முழுதாக நின்றால்தான் நின்றதாகக் கணக்கு.

திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் லைசென்ஸே எடுக்காமல் போய் வளைகுடாவில் எடுத்தவர், இங்கே வந்து எட்டு போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 9-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதே வகை வண்டிக்கு ஓட்டும் தேர்விலிருந்து விலக்கு தருகிறது. நிபந்தனை மருத்துவச் சான்று. அந்த லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். அரபியில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட், விசா பக்கங்கள் எல்லாம் எடுத்துப்போய், பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

ஆகவே விசா கேன்சல் செய்து ஊருக்குக் கிளம்பும் முன்பு, அந்த நாட்டு லைசென்ஸ் இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்று பார்த்து, முடியப்போகிறதென்றால் அங்கேயே புதுப்பித்துவிடுங்கள். அனுபவச் சான்று தருகிற நாடாக இருந்தால் அதையும் கையோடு வாங்குங்கள். எமிரேட்ஸ் ஐடியும் அங்கத்திய சிம்மும் போன பிறகு அந்தத் தளங்களுக்குள் நுழைவதே பெரும்பாடு.