உதிரித் தகவல்களைப் பிறர் கோக்காமல் காப்பது எப்படி?

தோவாளைச் சந்தைக்கு விடியற்காலையில் பூ உதிரியாகத்தான் வருகிறது. தொடுத்த பிறகே மாலையாகிறது. இளைஞர்கள் இணையத்தில் இடும் தகவல்களும் அப்படித்தான். ஒரு நாள் சீருடையில் ஒரு படம், மறுநாள் பேருந்திலிருந்து ஒரு ஸ்டேட்டஸ், பிறந்தநாளன்று கேக் வெட்டும் காணொளி என்று தனித்தனியே பார்த்தால் எதிலும் ஆபத்து தெரியாது. அவற்றைப் பொறுமையாகக் கோக்கும் ஒருவருக்கோ உங்கள் பெயர், வயது, பள்ளி, வீடு, நீங்கள் தனியாக இருக்கும் நேரம் அனைத்தும் கிடைத்துவிடும். ஆகவே முதல் வேலை, உங்கள் கணக்கை அந்த ஒருவரின் கண்ணால் பார்ப்பதே.

மார்த்தாண்டத்துக்கு அருகில் பிளஸ் டூ படிக்கும் என் அக்காள் மகளோடு உட்கார்ந்து இதைச் செய்தேன். அவளைப் பின்தொடராத வேறொரு கணக்கின் வழியாக, படம் படமாகப் பார்த்து, தெரியவந்ததை மட்டும் ஒரு நோட்டில் எழுதினோம். அரை மணி நேரத்தில் பக்கம் நிறைந்தது. சீருடைப் பையில் தைத்த பள்ளிச் சின்னம், முற்றத்தில் நிற்கும் ஸ்கூட்டரின் எண், டியூஷன் முடிந்து அவள் நிற்கும் பேருந்து நிறுத்தத்தின் பின்னால் தெரிந்த கடைப் பலகை ஆகியவை அதில் இருந்தன. "அப்பா வர இன்னும் 12 நாள்" என்ற ஒற்றை வரியிலிருந்து, அப்பா வளைகுடாவில் இருக்கிறார், வீட்டில் அம்மாவும் அவளும் மட்டுமே என்பதும் தெரிந்தது. "சித்தி, இதையெல்லாம் நான் எங்கேயும் எழுதவே இல்லையே" என்றாள். பெரும்பாலானவற்றை அவள் எழுதவில்லைதான், படங்கள் சொல்லிவிட்டன.

நீங்களும் நம்பிக்கையான ஒரு நண்பரோடு இதைச் செய்து, நோட்டில் ஏறியவற்றைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். இனிமேல் படம் போடுமுன் உங்கள் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். திற்பரப்பு அருவிக்கோ குமரிமுனைக் கண்ணாடிப் பாலத்துக்கோ போனால், வீடு திரும்பிய பிறகு படத்தை இடுங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இடக்குறிப்பு நீங்கிவிடும், ஆனால் டாக்குமெண்டாக அனுப்பினால் அது படத்தோடு சேர்ந்தே போகும்.

தேர்வுக் காலத்தில் ஹால் டிக்கெட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் உங்கள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணை யாரும் பார்த்துவிடலாம். ஆதார் நகலைக் கொடுக்க நேர்ந்தால், 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். ஓடிபியை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்டாகிராமில் சேர 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கெனத் தனிப் பாதுகாப்பு அமைப்புகள் உள்ளன. 16 வயதுக்குட்பட்டவர்கள் அவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி தேவை. வயதைக் கூட்டிக் கொடுத்தால் இந்த வேலியை நீங்களே பிரித்துப் போட்டதாகிவிடும். கணக்கைப் பிரைவேட் ஆக்கிய பின், பின்தொடர்வோர் பட்டியலில் நேரில் அறியாதவர்களை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் 6 இலக்க ரகசிய எண் (பின்) கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் உங்கள் படத்தை வைத்து மிரட்டினால் என்ன செய்வது என்பதைத்தான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். சமூக வலைதளங்களில் பெண்களோடு பழகி, அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டியதாக 2020இல் நாகர்கோவிலில் ஒருவர் கைதானார். சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து அளித்த புகாரே அதற்குத் தொடக்கம். அதன் பிறகே மற்றவர்களும் முன்வந்தார்கள். அவர்மீதான பாலியல் வழக்கொன்றில் 2023இல் நாகர்கோவில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மிரட்டுபவரின் பலமெல்லாம் உங்கள் மௌனம் மட்டுமே என்பதால், முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். பயத்தில் உரையாடலை அழித்துவிடாமல், மிரட்டிய செய்திகளையும் அந்தக் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அதைத் தடை செய்யுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 18 வயதுக்குட்பட்டவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அவர்களுடைய அடையாளம் வெளிவராமல் காக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் பரவும் என்று அஞ்சுபவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாமலே அதை மட்டுமே அடையாளம் காட்டும், கைரேகை போன்ற ஓர் எண்முத்திரை உருவாக்கப்பட்டு, அதைக் கொண்டு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டறிந்து நீக்குகின்றன.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்லும்போது கைப்பேசியைப் பிடுங்கி உடைத்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் காட்ட வேண்டிய சான்று முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.