கன்னுக்குட்டிக்கு வைரஸ் கழிச்சல்: முதல் ஒரு நாளில் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ம திருநெல்வேலிப் பக்கம் தொழுவத் தரை காயாமல் நசநசவென்று கிடக்கும். கழிச்சல் பரவ அது தோதான காலம்.

முதலில் கன்று பிறந்து எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மூன்று, நாலு நாளுக்குள் கழிந்தால் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா. ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் என்றால் ரோட்டா வைரஸாக இருக்கலாம். மூன்று வாரம் வரைக்கும் மாட்டுக் கொரோனா வைரஸும் வரும் (கோவிட் வேறு, இது வேறு). கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கும் இதே வயதுதான். சாணி நிறத்தைப் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும்.

இந்த வைரஸ்கள் சிறுகுடலின் உறிஞ்சும் பகுதியைச் சிதைத்துவிடும். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் தங்கி, உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால்தான் கன்று சாகிறது. ஆன்டிபயாடிக் ஊசி வைரஸைக் கொல்லாது.

அடுத்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் படிந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் மடிப்பாகவே நின்று, கண்ணும் குழி விழுந்திருந்தால் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீர் போயிருக்கும். 25 கிலோ கன்றுக்கு அது 2 லிட்டர். இன்னும் கழிந்துகொண்டே இருப்பதால், ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கரைக்கும் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, 200 மில்லி பொட்டலமும் உண்டு. சின்னதை ஒரு லிட்டரில் கரைத்தால் பயனில்லை. பெரியதைக் குறைந்த தண்ணீரில் கரைத்தால் கழிச்சல் கூடும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. நிப்பிள் பாட்டிலில் சப்பிக் குடிக்கட்டும். மூங்கில் குழாயை வாயில் சொருகி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பாலை நிறுத்தாதீர்கள். குடல் ஆற அந்தச் சத்து வேண்டும். ஆனால் பாலுக்கும் கரைசலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சில கரைசல்கள் வயிற்றில் பால் திரிவதைக் கெடுக்கும்.

சப்ப மறுத்தாலோ, எழ முடியாவிட்டாலோ, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ் காட்டினாலோ வாய்வழிக் கரைசல் போதாது, நரம்பில் குளுக்கோஸ், உப்பு ஏற்ற வேண்டும். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள், அல்லது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

கழியும் கன்றைத் தனியே கட்டி, மற்றவற்றைக் கவனித்த பிறகு கடைசியாகத் தொடுங்கள். ரோட்டா வைரஸ் தொழுவத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாணியின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் வேலை செய்யாது. வழித்து, கழுவி, காயவிட்டு, அப்புறம் தூவுங்கள்.

அடுத்த ஈத்துக்கு இப்போதே ஒன்று மனதில் வையுங்கள்: நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைத் தள்ளிப் போடாதீர்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், அதில் பாதி பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும்.