இறுதி எம்பிபிஎஸ் முடிந்தது. கற்பித்த சேர்மாருக்கு நன்றி விழா எடுப்பது எப்படி?

மண்டபம், பொன்னாடை எல்லாம் பிறகு. முதலில் திகதியைப் பிடியுங்கள். இறுதிப் பரீட்சைப் பெறுபேறு வந்ததற்கும் உள்ளகப் பயிற்சி நியமனம் வருவதற்கும் இடைப்பட்ட காலம்தான் பட்ச் (கூடப் படித்த அணி) முழுதும் ஒரே இடத்தில் கூடக்கூடிய கடைசிக் காலம். நியமனம் வந்துவிட்டால் ஒருவர் அம்பாறையில், ஒருவர் பதுளையில், இன்னொருவர் யாழ்ப்பாணத்தில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் பட்டமளிப்பு நடக்கும்போது அந்த ஒரு நாள் லீவு எடுப்பதே பெரும்பாடு. தவிர, பட்டமளிப்பு என்பது பல்கலைக்கழகத்தின் விழா. ஆசிரியர்கள் அங்கி அணிந்து ஊர்வலமாக வருவார்கள், மாணவர் பெயர்கள் வாசிக்கப்படும். பட்ச் எழுந்து நின்று நன்றி சொல்வதற்கு அந்த நிகழ்ச்சிநிரலில் இடமில்லை.

பெறுபேறு வருவதற்கு முன் வைக்கவே கூடாது. உங்களைப் பரீட்சித்தவர்களுக்கே பொன்னாடையும் பரிசும் கொடுப்பது அவர்களைச் சங்கடத்தில் மாட்டும். நேர்மையான ஆசிரியர் வராமலே விட்டுவிடுவார்.

திகதி குறிக்கும்போது போதனா வைத்தியசாலை யூனிட்களின் கேசுவல்டி நாள் (அவசர நோயாளிகளை அந்த யூனிட் பொறுப்பேற்கும் நாள்) பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேசுவல்டி நாளில் கொன்சல்டன்ட் வந்தாலும் அரை மணி நேரத்தில் தொலைபேசி அடிக்கும். ஞாயிறு பின்னேரம் 3.30 பெரும்பாலும் சரிவரும். போயா (பௌர்ணமி) தினம் விடுமுறைதான், ஆனால் அன்று இறைச்சிக் கடை பூட்டு. சாப்பாட்டுக்கு முதல் நாளே வாங்க வேண்டும். நோன்பு மாதத்தில் வைப்பதானால் நோன்பு திறப்பதையும் நிகழ்ச்சியில் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் மாதத்தைத் தள்ளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழா நடக்கும் நாட்களில் நகரில் வாகனமும் கிடைக்காது, ஆட்களும் கிடைக்கமாட்டார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. வெளியே பந்தல் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

யாரை அழைப்பது

பட்டியல் எழுதத் தொடங்கினால் கடைசி வருடத்து சேர்மாரின் பெயர்தான் முதலில் வரும். முதல் வருடத்திலிருந்து எழுதுங்கள்: உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம். இந்தப் பிரிவுகளின் ஆசிரியர்கள்தான் அதிகம் விடுபடுவார்கள். இடமாற்றம் பெற்றுப் போனவர்களும் அப்படியே. பிறகு ஆசிரியர் என்ற பதவி இல்லாமலே கற்பித்தவர்கள். கானுலா (நாளத்தில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடப் பழக்கிய வார்ட் சிஸ்டர், பிரசவ அறையில் கையைப் பிடித்துக் காட்டிய குடும்பநல உத்தியோகத்தர், சமுதாய மருத்துவக் களப்பயிற்சியில் கூட அலைந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உடற்கூற்றியல் ஆய்வுகூட உதவியாளர். இவர்களைக் கடைசி வரிசையில் இருத்திவிட்டு “ஊழியர்களுக்கும் நன்றி” என்று ஒரு வரியில் முடிப்பதைவிட அழைக்காமலே இருக்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்து, மேடைக்கு வந்து, வாழ்த்து மடல் வாசித்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுக்க ஒருவருக்கு 3 நிமிடம். 40 பேர் என்றால் 2 மணித்தியாலம். மண்டபம் தாங்காது. ஓய்வுபெறுபவர்களும் பட்ச் வாக்கெடுத்துத் தெரிந்தவர்களுமாக 6 பேருக்கு மட்டும் தனி மடல் வாசியுங்கள். மற்றவர்களைப் பிரிவு வாரியாக ஒன்றாக மேடைக்கு அழையுங்கள். சிஸ்டரும் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

உடலைத் தானம் செய்தவர்கள்தான் உங்களுடைய முதல் ஆசிரியர்கள். அவர்களுக்கு விழாவின் தொடக்கத்தில், வரவேற்பு நடனத்துக்கும் முன்னால், தனியாக ஒரு விளக்கும் 1 நிமிட மௌனமும் போதும். பெயர் சொல்லக் கூடாது. குடும்பத்தினரை அழைக்க விரும்பினால் உடற்கூற்றியல் பிரிவு ஊடாக மட்டும் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அதோடு விடுங்கள். ஆய்வுகூடத்துப் படம் எதுவும் திரையில் வரக்கூடாது, பகிடிக்கு எடுத்ததும்தான்.

மடல்

எங்கள் ஊர் விழாக்களில் சட்டம் (பிரேம்) போட்ட வாழ்த்துப்பா இல்லாமல் மேடை நிறையாது. நல்ல வழக்கம்தான், நீளம்தான் கெடுக்கிறது. பாட்டு என்றால் 12 வரி, உரைநடை என்றால் 90 சொல். அதற்கு மேல் போனால் கௌரவிக்கப்படுபவர் கை கட்டி நின்று களைத்துப்போவார்.

“அறிவுக்கடல்”, “சேவைச் செம்மல்”, “கருணையின் திருவுருவம்” மூன்றையும் வெட்டிவிடுங்கள். பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்தும் வரி அந்த மடலுக்கு வேண்டாம். மணிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1884இல் இறந்தார். தன் கல்லறையில் பெயரோடும் ஆண்டுகளோடும் ‘தமிழர்க்கான மருத்துவ நற்செய்தி ஊழியர்’ என்ற பொருளில் ஒரு வரி போடும்படி கேட்டிருந்தார். அவர் யாரென்று சொல்ல அந்த வரி போதுமாக இருந்தது.

பட்ச் குழுவில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: “இந்த சேரிடம் படித்ததில் இன்றைக்கும் கை தானாகச் செய்வது எது?” பத்துப் பதில் வரும், அதில் மூன்று ஒரே பதிலாக இருக்கும். அதுதான் மடல். “ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்காமல் குழந்தையின் நெஞ்சில் வைக்க விடாதவர்” என்று எழுதினால் மண்டபமே சிரிக்கும், சேருக்குக் கண் கலங்கும். நோயாளியை அடையாளம் காட்டும் சம்பவம் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஊர், வார்ட், வருடம் மூன்றும் சேர்ந்தாலே இங்கே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும்போதுதான் வினை. தொலைபேசியில் யூனிகோடில் தட்டியதை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். கொம்பும் காலும் இடம் மாறும், ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகும், ஸ்ரீ காணாமல் போகும். எழுத்துருவை உட்பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், ஏ3 அளவில் ஒரு மாதிரி அச்செடுத்து இருவர் உரக்க வாசித்துப் பாருங்கள். முதலெழுத்துகளையும் பட்டங்களையும் அவருடைய தற்போதைய பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதுங்கள், போன பட்ச்சின் மடலைப் பார்த்து அல்ல. இடையில் அவர் பேராசிரியராகியிருக்கலாம். சிங்கள மாணவர்கள் எழுதும் பகுதியைச் சிங்களம் தாய்மொழியானவரே பார்க்க வேண்டும்.

பொன்னாடை, விளக்கு, மாலை

கடையில் வாங்கும் சரிகைப் பொன்னாடை வீட்டில் அலுமாரிக்குள் போய்ச் சேரும். மருதமுனைக் கைத்தறிச் சால்வையோ சேலையோ கொடுத்தால் உடுப்பார்கள். ஒரே நிறத்தில் 40 வேண்டுமானால் நெசவாளரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். கடைசி வாரம் போனால் நாலு நிறத்தில்தான் கிடைக்கும். பொலித்தீன் உறை, விலைச்சீட்டு, குண்டூசி எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து நீளவாக்கில் நான்காக மடித்துத் தட்டில் அடுக்குங்கள். மேடையில் உறையைக் கிழிக்கும் சத்தம் மைக்கில் கேட்கும்.

போர்த்துபவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். பெண் ஆசிரியருக்கு மாணவி, ஆண் ஆசிரியருக்கு மாணவன். முஸ்லிம் ஆசிரியர்களில் சிலர் மாலையையும் விளக்கேற்றுவதையும் தவிர்ப்பார்கள். மேடையில் வைத்து மைக்கில் அழைத்து மறுக்க வைக்காதீர்கள். ஒரு வாரம் முன் நேரில் கேளுங்கள், நினைவு மலரைத் திறந்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இறைவணக்கம் எல்லோருக்கும் பொதுவான மௌனமாக இருந்தால் எந்தச் சமயம் முதலில் என்ற சண்டை வராது. காலில் விழுவதும் சிங்கள நண்பர்கள் வெற்றிலை கொடுத்து வணங்குவதும் தனிப்பட்ட வழக்கங்கள், மேடைக்குக் கீழே நடக்கட்டும்.

குத்துவிளக்கின் நேர் மேலே மின்விசிறி சுற்றினால் ஐந்து திரியும் நிற்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலாலும் இதே கரைச்சல். திரியின் நுனியில் கொஞ்சம் கற்பூரத்தூள் தடவினால் முதல் தொடுகையிலேயே பற்றும். எண்ணெயை விழா தொடங்கக் கால் மணிக்கு முன் ஊற்றினால் போதும், நேரத்தோடு ஊற்றினால் கசிந்து வாழையிலையில் ஓடும். நிறைகுடத்துக்கு நெல், மாவிலை, முடித் தேங்காய். குரவை போடத் தெரிந்த அம்மாமார் இருந்தால் முன் வரிசையில் இருத்துங்கள், வாத்தியமே தேவைப்படாது.

சத்தியப்பிரமாணம்

வைத்தியர்களாக உறுதிமொழி எடுப்பதை மருத்துவ பீடம் தனியாக நடத்துமானால் இங்கே திரும்பச் செய்ய வேண்டாம். இல்லையென்றால் உலக மருத்துவ சங்கத்தின் ஜெனீவாப் பிரகடனத்தை எடுங்கள். 1948இல் எழுதப்பட்டபோதே ஆசிரியருக்கு நன்றியும் மதிப்பும் செலுத்துவேன் என்ற வரி அதில் இருந்தது. 2017 திருத்தத்தில் அதே வரிக்குள் சக வைத்தியர்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். ஆகவே சேர்மாரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்வது பொருத்தம். மூன்று மொழியிலும் முழுதாகச் சொன்னால் இழுபடும். ஒரு மொழியில் சொல்லி மற்ற இரண்டையும் அட்டையில் அச்சிடுங்கள். வாசிப்பவர் ஒரு மூச்சில் ஆறு சொல்லுக்கு மேல் கொடுத்தால் பின்னால் முணுமுணுப்புத்தான் கேட்கும்.

சாப்பாட்டில் ஹலால் இறைச்சி எல்லோருக்கும் பொது. சைவத்துக்குத் தனி மேசை, தனி அகப்பை. எருமைத் தயிர் வைப்பதானால் அன்று காலை உறைந்த சட்டியாக எடுங்கள், வான் வண்டியில் மட்டமாக வைத்துக் கொண்டுவாருங்கள். முதல் நாள் தயிர் பின்னேர வெக்கையில் புளித்துவிடும்.

காசு சேர்ப்பது ஆளுக்குச் சமமாக, கட்டாயமில்லாமல். யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் குழுவில் போடப்படக் கூடாது. வராத சேர்மாரின் மடலையும் சால்வையையும் அந்த வாரத்துக்குள் இருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், கிளினிக் முடிந்த பிறகு. நியமனக் கடிதம் வந்துவிட்டால் அந்தப் பொதி பட்ச் பிரதிநிதி வீட்டு மேசையிலேயே கிடக்கும்.