பென்சிலில் வந்த வெள்ளிக் கலசம்: எங்கே பார்ப்பது?

எங்கள் வீட்டு வரலட்சுமி நோன்புக் கலசத்தை அக்கா மகள் பென்சிலில் வரைந்திருக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். 20 வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தின் முன் 5 நிமிஷம் நின்றிருக்கலாம்.

முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வெள்ளி சாம்பல் நிறம்தானே என்று முழுக்க மென்மையாகத் தேய்த்தால் அலுமினியச் செம்புதான் வரும். பளபளக்கிற வெள்ளியில் கன்னங்கரேலென்ற கருப்பும் வெறும் வெள்ளையும் ஒட்டி ஒட்டி நிற்கும். கருப்புக்கு 6பி என்கிற மென்மையான, அடர்த்தியாக எழுதும் பென்சில். வெள்ளைக்கு எதுவும் இல்லை. அது அவள் தொடாமல் விட்ட காகிதம்.

அடுத்து கழுத்து வளையம், அடி வளையம். மேலிருந்து பார்க்கும்போது அடி வளையம்தான் அதிகம் வட்டமாக விரிந்து தெரியும். இரண்டையும் ஒரே மாதிரிப் போட்டால் கலசம் அரிசித் தட்டில் உட்காராமல் மிதக்கும்.

நான் அதிக நேரம் நிற்பது வயிற்றுப் பகுதியில். வெளியே புடைத்த வளைவு என்பதால் எதிரில் இருப்பதெல்லாம் சிறுத்து, நிமிர்ந்து தெரியும். ஜன்னல் வில்லாக வளைந்திருக்கிறது. பக்கத்தில் குத்துவிளக்கு. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நிழல். குனிந்து வரைந்துகொண்டிருக்கும் அவளேதான்!

சரி, பென்சிலுக்கு மஞ்சளும் குங்குமமும் ஏது? மஞ்சள் பூச்சை வெளிறிய சாம்பலாகவும், குங்குமப் பொட்டை அடர்த்தியாகவும் வைத்திருக்கிறாள். பொட்டில் துளி மினுக்கம் இல்லை. அங்கே ஒரு ஒளிப்புள்ளி வைத்திருந்தால் அது பதித்த கல்லாகியிருக்கும்.

பூவேலைப் பள்ளங்களையும் விட்டுவிடாதீர்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். திருநீறு போட்டுத் தேய்த்தாலும் பள்ளத்துக்குள் இருப்பது போகாது. அதை வரைந்ததால்தான் இது கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் புதுச் செம்பு இல்லை, வருஷா வருஷம் பூஜைக்கு இறங்கும் கலசம் என்று தெரிகிறது.

இடது பக்கம் ஜன்னலின் வளைவு ஓரிடத்தில் சட்டென்று நெளியும். அம்மா கை நழுவவிட்டதில் விழுந்த நசுங்கல். அக்கா அதைத் தடவிப் பார்க்க விரலை நீட்டினாள். நான்தான் தடுத்தேன், கரி விரலோடு வந்துவிடும்.