பழைய பிஎச்பி செயலியைப் புதுப்பிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பத்தாண்டாக பிஎச்பி 5.6-இல் (இணையச் செயலிகள் எழுதும் மொழியின் பழைய பதிப்பு) ஓடும் செயலியை வேறு ஃபிரேம்வொர்க்குக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்த இடத்திலேயே புதுப்பிப்பது பெரும்பாலும் சரியான முடிவுதான். 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டதால் 8-க்கு ஏறியே ஆக வேண்டும். ஏறும்போதுதான் கால் வழுக்குகிறது.

கத்துகிற பிழைக்குப் பயந்து, கத்தாத பிழையைக் கோட்டை விடுகிறோம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் 7.0-இலேயே நீக்கப்பட்டன, அவை எஞ்சியிருந்தால் பக்கத்தைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஒப்பீடு அப்படியல்ல. கட்டண பாக்கி என்ற கட்டத்தை யாரோ காலியாக விட்டிருக்கிறார்கள். அது 0-வுக்குச் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் பிஎச்பி 7 'ஆம்' என்னும், 8 'இல்லை' என்னும். பிழைச்செய்தி எதுவும் வராது. பாக்கி இல்லாதவருக்கு பாக்கி அறிவிப்பு போகும். இத்தகைய ஒப்பீடுகளை ஏறுவதற்கு முன்பே தேடித் திருத்திவிட வேண்டும். அதோடு கோப்புப் பெயர் மாற்றுவதையும் நிரலை அழகுபடுத்துவதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். எது எதை உடைத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது இருந்துவிட்டுப் போகட்டும். மைக்ரேட் செருகுநிரலைச் சேர்த்து, அது கன்சோலில் காட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துப் பதிப்பை உயர்த்தினால் போதும்.

கடவுச்சொல்லில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பழைய முறையான எம்டி5 தரும் சுருக்கம் 32 எழுத்து, புதிய முறையான பிகிரிப்ட் தருவது 60. பயனர் உள்நுழையும்போது புதிய முறையில் சேமிக்கும்படி நிரலை மாற்றினேன். டேபிளில் அதற்கான பத்தியின் (நெடுவரிசையின்) நீளத்தை 32-லேயே விட்டுவிட்டேன். நீளம் மீறினால் பிழை காட்டும் கண்டிப்பு முறை அணைந்திருந்த மைஎஸ்க்யூஎல் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டியது. அன்று நுழைந்தவர்கள் யாரும் மறுநாள் நுழைய முடியவில்லை. நீளத்தை முதலிலேயே 255 ஆக்குங்கள்.

எல்லாவற்றையும்விடத் தமிழ்த் தரவுதான் அதிகம் சோதிக்கும். 8.0-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு எழுத்துக் குறியாக்கம், ஒரு எழுத்துக்கு ஒரு பைட் வைக்கும் லத்தீன்1. பழைய செயலிகள் அந்த டேபிளுக்குள்ளேயே யூனிகோட் பைட்டுகளைத் திணித்து வைத்திருக்கும். போன வழியிலேயே திரும்பி வருவதால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். அதை நம்பி டேபிளை ஒரே கட்டளையில் யூனிகோட் குறியாக்கமான யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால், ஒவ்வொரு பைட்டையும் தனி லத்தீன் எழுத்தாக எண்ணி எல்லாவற்றையும் கிறுக்கலாக்கிவிடும். பத்தியை முதலில் குறியாக்கம் பார்க்காத பைனரி வகையாக்கி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுபோக வேண்டும். இணைப்பின் குறியாக்கத்தையும் கூடவே மாற்ற வேண்டும். பத்தியின் இயல்பு மதிப்பு, வெறுமை கூடாது என்ற விதி ஆகியவற்றைக் கட்டளையில் மறுபடி எழுதாவிட்டால் அவையும் போய்விடும். நகலில் ஓட்டிப் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது.

நகலில் ஓட்டும்போதும் எங்காவது நின்றுபோகும். காரணம் இதுதான்: யுடிஎஃப்8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 50 என்று நீளம் வைத்த லத்தீன்1 பத்தியில் 'இராஜராஜேஸ்வரி சுப்பிரமணியன்' என்று எழுதினால், 'இராஜராஜேஸ்வரி சுப' வரை 49 பைட் ஆகிவிடும். அடுத்து வரும் 'ப்'-இன் புள்ளியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். முழுக் குறியாகாத அந்த ஒற்றை பைட்தான் மாற்றத்தைத் தடுக்கிறது. நீளம் சரியாக 50 பைட் உள்ள வரிசைகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வாலை வெட்டினால் வேலை நகரும். வெட்டுப்பட்ட பெயரின் மீதி டேபிளில் இல்லை. பழைய விண்ணப்பத் தாள்களைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.