கேர்பியை மறுபடி கையில் எடுத்தால் செய்யக்கூடாத சில விஷயங்கள்

1992இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘கேர்பிஸ் ட்ரீம் லேண்ட்’ விளையாட்டில் நாம் இயக்கும் உருண்டைப் பயல்தான் கேர்பி. மொத்தமே ஐந்து கட்டங்கள்தான். கை பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அதனாலேயே பலர் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படி எடைபோடுவதே முதல் தவறு. இயக்குநர் மசஹிரோ சகுராய் இதைப் புதிதாக விளையாட வருபவர்களை நினைத்தே இலகுவாகச் செய்தார். சவால் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவதுதான் எல்லோரும் செய்வது: பறந்துகொண்டே போவது. மேல் பொத்தானை அழுத்தினால் கேர்பி காற்றை இழுத்து உப்பி எழும்புவான். களைப்பே கிடையாது. ஆனால் அப்படியே மேலால் மிதந்து போனால் விளையாட்டு முழுக்கக் கீழே கிடக்கும். பிறகு சலிக்கிறது என்று முறைப்பாடு சொல்லக்கூடாது. இறங்கி நடங்கள், எதிரியை உறிஞ்சி அடுத்தவன்மேல் துப்புங்கள். முதல் கட்டத்தின் முடிவில் நிற்கும் மரத்தைப் பாருங்கள். மேலிருந்து ஆப்பிள்களைப் போட்டுத் தாக்கும். அந்த ஆப்பிளையே வாயில் வாங்கி அதன் முகத்தில் திருப்பித் துப்ப வேண்டும். கடைசியில் வரும் டிடிடி அரசனும் அதே கதைதான்: அவன் குதித்து விழும்போது கிளம்பும் நட்சத்திரம்தான் உங்கள் ஆயுதம். கிட்டப்போய் முட்டாமல், விலகி நின்று அதற்குக் காத்திருங்கள்.

பிந்திய கேர்பி விளையாட்டுகளில் பழகியவர்களுக்கு இன்னொரு சறுக்கல். என் மருமகன், “மாமா, இவனை விழுங்கியும் ஒரு சக்தியும் வரேல்லையே?” என்று கேட்டான். வராது. எதிரியின் சக்தியைப் பிரதி எடுப்பது 1993இல் வந்த அடுத்த விளையாட்டில்தான் தொடங்கியது. இங்கே விழுங்குவதால் லாபமில்லை, துப்புவதே வழி. சக்தி வேண்டுமென்றால் கறியைத் தேடுங்கள்: அந்த உறைப்பில் கேர்பி கொஞ்ச நேரம் நெருப்புக் கக்குவான். நம்மூர் நண்டுக்கறி சாப்பிட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பழைய கருவியிலேயே விளையாடுபவர்களுக்கு ஒன்று. கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி) வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். திருகோணமலையின் உப்புக்காற்று போதாதென்று அதுவும் எதற்கு? ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். முதல் கேம் பாயின் திரைக்குப் பின்னொளியும் இல்லை. கரண்ட் போன இரவில் அது பிரயோசனப்படாது. பின்நேரம் டச்சுக் குடாப் பக்கம் கொண்டுபோகலாம், மணலில் மட்டும் வைக்காதீர்கள். சேமிக்கும் வசதியும் இல்லாததால் இடையில் நிறுத்தினால் முதலிலிருந்துதான். பற்றரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, அந்தச் சவால். ஒருமுறை முடித்ததும் வைத்துவிடுகிறவர்கள் விளையாட்டின் மறுபாதியைப் பார்ப்பதே இல்லை. தலைப்புத் திரையில் மேல் பொத்தான், ஏ, செலக்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘எக்ஸ்ட்ரா’ முறை திறக்கும். அதே ஐந்து கட்டங்கள், ஆனால் எதிரிகள் வேறு, வேகமும் வேறு. மிதந்தே முதல் சுற்றை முடித்தவர்கள் அங்கே முதல் கட்டத்திலேயே தடுமாறுவார்கள்.