பழைய மாருதி 800 சூடேறுகிறதா? ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலே "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிடலாம்" என்று பட்டறையில் பேச்சு ஆரம்பித்துவிடும். கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு) போவதும் உண்டுதான். ஆனால் மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதில் பாதிக்குக் காசே ஆகாது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். வெளிக்காற்றைவிட 0.9 பார் (அழுத்த அலகு) கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டுப்போய் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாய்) கையால் நன்றாக அமுக்க முடிகிற அளவு ஆறட்டும். வற்றிப்போன சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

எப்போது சூடாகிறது?

சிக்னலில் நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதென்றால் ஃபேனைப் பாருங்கள். ஃபேன் கனெக்டரைக் கழற்றி, நடுவே ஒரு ஃபியூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் சரி. கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ, சூடேறியதும் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சிலோ இருக்கிறது. ஃபேன் மாற்றிய வண்டியில் சுற்றும் திசையையும் பாருங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பைபாஸில் 80க்கு மேல் போனால்தான் ஏறுகிறதா? ஃபேனுக்கு அதில் பங்கில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், ஃபேன் பெல்ட் வழுக்கலாம் (800இல் வாட்டர் பம்பையும் அதுதான் சுற்றுகிறது), அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பழைய கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அதைவிட உதவும் கருவி இல்லை. பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸிலும் கறுப்பு ரேடியேட்டர் முகத்திலும் அளக்க வேண்டும். நன்றாகச் சூடான ரேடியேட்டரில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே உப்பு அடைத்திருக்கிறது. போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியதன் பலன்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் ஏறி, கீழ் ஹோஸ் மட்டும் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடியே சிக்கியிருக்கும், இல்லையென்றால் உள்ளே காற்று நிற்கும்.

ஏறிய முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்பட்டு ஓட்டாதீர்கள். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வற்றி, சென்சாரைத் தொடத் திரவமே இல்லாமல் போனாலும் முள் இறங்கும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

கூலண்ட் எங்கே போகிறது?

ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சிறு துளை என்று டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்த வெள்ளைத் தடமோ பச்சைத் தடமோ தெரியும். பம்பின் துளையில் கசிந்தால் சீல் போய்விட்டது. பம்பையே மாற்ற வேண்டும். உள்ளே கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்து, தித்திப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது.

எதுவும் கண்ணில் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர் (ரேடியேட்டர் வாயில் மாட்டும், முள் வைத்த கைப்பம்ப்) போடுங்கள். ஆறிய இன்ஜினில், மூடியில் அச்சிட்ட அளவுக்குப் பம்ப் செய்து பத்து நிமிடம் விடுங்கள். டெஸ்டர் முள் இறங்கினால் கசிவு இருக்கிறது, தேடுங்கள். அளவைத் தாண்டிப் பம்ப் செய்தால் பழைய ரேடியேட்டர் புதிதாகக் கசிய ஆரம்பிக்கும்.

கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடுவது நம் ஊர் வைத்தியம். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவும். ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்க அதற்குத் தெரியாது, ஹீட்டர் கோரையும் ரேடியேட்டர் குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

எல்லாரும் தாண்டிப் போகும் மூடி

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரிய வால்வு, அழுத்தம் மிஞ்சினால் கூலண்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். நடுவில் இருக்கும் குட்டி வால்வு, இன்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பெரியதன் ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளும். குட்டி வால்வு ஒட்டிக்கொண்டால் போன கூலண்ட் திரும்பாது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பி நிற்கும்.

இதற்கு அடையாளம், ரிசர்வ் டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருப்பது. டேங்கை மட்டும் பார்த்து "லெவல் சரியாக இருக்கிறது" என்று ஏமாறுவது இங்கேதான். அதனால் காலையில் மூடியைத் திறந்து ரேடியேட்டர் கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைக்கும் மெல்லிய டியூபில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான்: கூலண்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். மூடியை மாற்றும்போது அதே பார் அளவில் வாங்குங்கள். கூடுதல் அளவு போட்டால் நல்லது என்பது தப்பு, பலவீனமான ஹோஸ்தான் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்

கழற்றி, தெர்மாமீட்டரோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடியில் படக்கூடாது. அதில் பொறித்த டிகிரிக்கு (பெரும்பாலும் 82) பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது சிறு ஆடும் பின் மேலே இருக்கட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

"நம்ம வெயிலுக்கு இது எதுக்கு, எடுத்து விட்டுடலாம்" என்பதைக் கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

நிரப்புவதில்தான் சிக்கல்

எல்லாம் புதிதாகப் போட்டும் மறுபடி சூடாகிற வண்டிகளில் அடிக்கடி மாட்டிக்கொள்வது காற்று. இறக்கிய கூலண்டை அளந்து வையுங்கள். மூன்று லிட்டர் இறக்கி இரண்டுதான் உள்ளே போனதென்றால் மீதி ஒரு லிட்டர் இடத்தில் காற்று நிற்கிறது.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பொங்கி வர ஆரம்பித்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நிரம்பியதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கட்டும். முழுக்க ஆறியதும் திறந்து பார்த்தால் லெவல் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை பாருங்கள்.

கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். ரெடி மிக்ஸ் கேனில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். நிறம் ஒன்று என்பதால் இரண்டு வகையைக் கலக்கலாம் என்று அர்த்தமில்லை. சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். தித்திப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கும், அது விஷம்.

இப்போது கேஸ்கெட்

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறது. உறுதி செய்ய பிளாக் டெஸ்டர் போதும்: ரேடியேட்டர் வாயில் வைத்து வாயுவை இழுத்தால் நீல திரவம் மஞ்சளாகும். மூன்று ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் தண்ணீர் போவது அந்த சிலிண்டரில்தான். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால்தான் கவலை.

ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடவிடாதீர்கள். நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) ஹெட்டின் வளைவை அளக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் கொடுத்து மட்டப்படுத்த வேண்டும்.

எல்பிஜி போட்ட வண்டிக்கு

கேஸ் ரெடியூசரை (டேங்கிலிருந்து வரும் திரவ எல்பிஜியை வாயுவாக்கும் பாகம்) சூடாக்குவதும் இதே கூலண்ட்தான். கூடுதலாக இரண்டு ஹோஸ், நான்கு கிளாம்ப் கசிய வாய்ப்புண்டு, அவற்றையும் சோதியுங்கள். இன்ஜின் சூடான பிறகும் ரெடியூசர் மேல் பனி படிந்தால் கூலண்ட் அங்கே வரவில்லை. லெவல் குறைவு அல்லது காற்று என்று எடுத்துக்கொண்டு, நிரப்பும் வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.